"அதெல்லாம் சகஜம்தான்!"

திண்டுக்கல்காரன் என்று தெரிந்தால் வெளியூர் நண்பர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, "எந்தக் கடை பிரியாணி சார் நல்லாயிருக்கும்?" இரண்டு, "உங்க ஊர்ப் பூட்டு நிஜமாவே அவ்வளவு ஸ்ட்ராங்கா?" முதல் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. ஊருக்குள் பகை எதற்கு? இரண்டாவது கேள்வி வந்தால் விடமாட்டேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதில் ஆரம்பித்து, மாங்காய்ப் பூட்டு வரை அரைமணி நேரம் பேசுவேன்.

ஆனால், "மூட்டு பூட்டெல்லாம் வலிக்குதுடா" என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்தப் பூட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பி.காம். சிலபஸில் அது இல்லை. என் மனைவியால்தான் கற்றுக்கொண்டேன். பாடம் எனக்கு, ஃபீஸ் கட்டியது அவள்!

அவளுக்கு அப்போது ஆறாம் மாசம். ஒருநாள் நடுராத்திரி "ஸ்ஸ்... அம்மா" என்று சத்தம். பதறி எழுந்து லைட்டைப் போட்டேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க. புரண்டு படுத்தேன். அடியில சுருக்குன்னு இழுத்துச்சு."

புரண்டு படுத்ததற்கா இத்தனை அலறல் என்று நினைத்துக்கொண்டே லைட்டை அணைத்தேன். அப்புறம் மாடிப்படி ஏறும்போது வலி என்றாள். பாவாடை கட்டக் காலைத் தூக்கினால் வலி என்றாள். பைக்கிலிருந்து இறங்கினால், இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நடந்தாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு விசாரணைக் கமிஷனே வைத்தேன். என் அம்மாவிடம் கேட்டேன். "உன்னை வயித்துல வச்சுக்கிட்டு நான் ஆட்டுக்கல்லுல மாவாட்டுனேன்டா. புள்ளத்தாச்சின்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "தலைச்சன் பிள்ளையில்ல, அப்படித்தான் தம்பி" என்றார். ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர், "என் ஒய்ஃபுக்கும் இருந்துச்சு பாஸ். டெலிவரி ஆனா சரியாயிடும். அதெல்லாம் சகஜம்" என்றார். மாதாந்திர செக்கப்புக்குப் போன இடத்திலும் கூட்ட அவசரத்தில், "இந்த மாசத்துல இருக்கும்மா" என்று மாத்திரையை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

நாலு பேர் ஒரே பதில் சொல்லிவிட்டால் எனக்கு அது ஆடிட் முடிந்த கணக்கு. ஃபைலைக் கட்டி மேலே வைத்துவிட்டேன். அவளும் வலியைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆஹா, சரியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்!

ராத்திரி அவள் தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பது என் டியூட்டி. (குடும்பத்துக்கு நான் ஆற்றிவந்த ஒரே பணி என்றும் சொல்லலாம்.) ஒரு வாரமாகக் காலையில் பார்த்தால் சொம்பு வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஏம்மா, தண்ணியே குடிக்கலையா?"

"குடிச்சா ராத்திரி எந்திரிக்கணுமேங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். கட்டிலிலிருந்து பாத்ரூம் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடிக்குப் பயந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவள் தண்ணீரே தொடுவதில்லையாம். திண்டுக்கல் வெயிலில், ஏழு மாசப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு! "எல்லாரும் சகஜம்னு சொல்றாங்க. திரும்பத் திரும்பச் சொன்னா உங்களுக்கும் சலிப்பாத்தானே இருக்கும்?" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மூடிய ஃபைல், அவள் இடுப்பில் திறந்தே கிடந்திருக்கிறது.

கீழ் போர்ஷனில் ஹவுஸ் ஓனரின் அப்பாவுக்குப் பக்கவாதம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா வீட்டுக்கே வந்து பெரியவருக்குப் பயிற்சி கொடுப்பார். அதுவரை பிசியோ என்றால் எனக்குத் தெரிந்தது, கிரிக்கெட்டில் பந்து பட்டு பேட்ஸ்மேன் படுத்துவிட்டால் பையோடு ஓடிவருவாரே, அவர்தான். கர்ப்பிணிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் வாசலில் மடக்கிக் கேட்டேன்.

அவர் மூன்றே கேள்வி கேட்டார். "ஒத்தக் கால்ல நின்னா வலிக்குதா? படி ஏறினா? படுக்கையில திரும்பினா?"

"மேடம், எங்க வீட்ல கேமரா வச்சிருக்கீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "முதல்ல டாக்டர்கிட்ட முழுசாச் சொல்லுங்க. வேற காரணம் எதுவும் இல்லைன்னு பார்க்கட்டும். அப்புறம் பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்க. பிரசவம் வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருக்கணும்னு ஒண்ணும் இல்லை" என்றார்.

அப்படியே செய்தோம். பிசியோதெரபிப் பிரிவில் இருந்த பெண்மணி, பிளாஸ்டிக்கில் செய்த ஓர் இடுப்பெலும்பை எடுத்து மேஜையில் வைத்தார். நம் இடுப்பு ஒரு வளையமாம். அதில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு என மூன்று பூட்டுகள். முன்பூட்டில் சாதாரணமாக நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கர்ப்பகாலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் தசைநார்கள் தளர்ந்து, அது இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விரியும். பிள்ளை வெளியே வர இயற்கை செய்யும் ஏற்பாடு. ஆனால் சிலருக்குப் பூட்டுகள் மூன்றும் ஒரே சீராக அசைவதில்லை. ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் தளர்ந்து, சுற்றியுள்ள தசைகள் தாங்க முடியாமல் போகும்போதுதான் இந்த வலி.

இந்த வலிக்காகவே ஐரோப்பிய நிபுணர்கள் கூடி 2008-ல் ஒரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இது வருமாம்.

"அப்போ சகஜம்தானே மேடம்?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா?

"ஜலதோஷமும் சகஜம்தான் சார். மூக்கைச் சிந்தாம இருக்கீங்களா? குழந்தைக்கு இதனால ஆபத்து இல்லை. ஆனா அம்மாவுக்கு வலிக்குதே, வைத்தியம் பார்க்க அது போதாதா?"

எனக்குப் பதில் இல்லை.

வைத்தியம் என்றதும் பெரிய மெஷினையெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது புரண்டு படுக்க! இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுக்கும்போது கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. பாவாடை கட்டுவது உட்கார்ந்துகொண்டுதான். படி ஏறும்போது வலி குறைவான கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. ஓர் இடுப்பு பெல்ட்டும் தந்தார். அதை வயிற்றின் மேல் கட்டக்கூடாது. வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்ட வேண்டும்.

அப்புறம் பயிற்சிகள். குழந்தை தவழ்வது போல் கையும் காலும் ஊன்றி, மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுத்து விடுவது ஒன்று. சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கித் தளர்த்துவது ஒன்று. முழங்கால்களுக்கு நடுவில் தலையணையை வைத்து மெதுவாக அழுத்துவது ஒன்று. எதிலும் வலிக்கும் அளவுக்குப் போகக்கூடாது என்பது கண்டிஷன்.

"இப்போ சாருக்கு" என்று என் பக்கம் திரும்பினார். எனக்கும் சிகிச்சை!

பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து, இடுப்பைத் திருகிக்கொண்டு, ஸ்பீடு பிரேக்கர் ஸ்பீடு பிரேக்கராகக் குதித்துப் போகும் சவாரிக்குத் தடை. இனி ஆட்டோ. ஒரு காலை மடக்கி அரிவாள்மனையில் உட்காரும் வேலை இனி என்னுடையது. தண்ணீர்க் குடம், மளிகைப் பை எல்லாம் என் கணக்கில். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் அவளுக்கு வலிக்கிறது என்பதால், பாத்ரூமுக்கு ஒரு கமோடு நாற்காலி. அதை நாகல் நகரிலிருந்து பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தபோது, எதிரே வந்த ஆபீஸ் நண்பர், "என்ன பாஸ், சிம்மாசனமா?" என்று சத்தமாகக் கேட்டார். ரோட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்!

மாயமந்திரம் எதுவும் நடக்கவில்லை. பத்துக்கு எத்தனை வலி என்று தினமும் காலண்டர் தாளில் குறித்துவைத்தேன். (காமர்ஸ் புத்தி!) எட்டில் ஆரம்பித்தது. முதல் வாரம் அசையவே இல்லை. மூன்றாவது வாரம் ஐந்துக்கு வந்தது. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் சொம்பு காலி. சம்பள உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிரசவத்துக்கு முன்னால், வலி இல்லாமல் முழங்கால்களை எவ்வளவு தூரம் விரிக்க முடிகிறது என்று அளந்து, பிரசவம் பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். டெய்லர் டேப்பில் அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சுகப்பிரசவம், பெண் குழந்தை. மிச்சமிருந்த வலி போக இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

ஒரு முக்கியமான விஷயம். எல்லா இடுப்பு வலியும் இந்த வலி என்று நினைத்துவிடாதீர்கள். விட்டு விட்டு வரும் வலி, ரத்தப்போக்கு, நீர் போவது, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், கால் மரத்துப்போவது என்று எது இருந்தாலும் பயிற்சி, பெல்ட் என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டே ஒருநாள் அம்மா சொன்னார். "எனக்கும் இருந்துச்சுடா இந்த வலி. சுவத்தைப் புடிச்சுத்தான் நடப்பேன்."

"அன்னிக்கு ஆட்டுக்கல்லுல மாவாட்டுனேன்னு சொன்னியேம்மா?"

"ஆட்டுனேன். வலிக்கலைன்னு சொன்னேனா? யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

ஆபீஸ் போகும் நண்பர்களே, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்றைக்கு ராத்திரி ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்லைங்க" என்று பதில் வரும். லைட்டை அணைக்காமல் இன்னொரு தடவை கேளுங்கள்.