மூணு புலி, பதினஞ்சு ஆடு, ஒரு ஸ்டார்கிராஃப்ட்

"ஸ்ட்ராடஜி கேம் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்டா"ன்னு க்ளாஸ்ல ஒரு நண்பன் சொன்னான். பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல சரியான பாதி. இங்கேர்ந்து போன சதுரங்கம் பாரசீகம் வழியா ஐரோப்பா போய் செஸ் ஆச்சு. 1780ல ஜெர்மனியில ஹெல்விக்னு ஒரு ஆசிரியர் அந்தப் பலகையைப் பெரிசாக்கி, மலை, ஆறு, சதுப்பு நிலம்னு கட்டங்களுக்குக் கலர் அடிச்சார். 1824ல ரைஸ்விட்ஸ்ங்கற பிரஷ்ய அதிகாரி கட்டமே வேண்டாம்னு நிஜ வரைபடத்து மேல ஆட வச்சார். கூடவே ஒரு நடுவர். எதிரிப் படை கண்ணுக்குத் தெரியற தூரத்துக்கு வர்ற வரைக்கும் அவர் அதை மேப்ல வைக்க மாட்டார். நம்ம கம்ப்யூட்டர் கேம்ல மேப் இருட்டா மூடியிருக்கே, அதுக்குத் தாத்தா இதுதான். நடுவர் வேலையை இப்ப கம்ப்யூட்டர் பார்க்குது.

1913ல தகர சிப்பாய்களை வச்சு ஆடறதுக்கு விதிகள் எழுதினவர் யார் தெரியுமா? செவ்வாய்க்காரங்க பூமி மேல படையெடுக்கற கதை எழுதின ஹெச்.ஜி.வெல்ஸ்! 1974ல 'ஸ்டார்ஃபோர்ஸ்' அட்டை வில்லைகளை நட்சத்திரங்களுக்கு நடுவுல நகர்த்துச்சு. 1987ல 'வார்ஹேமர் 40,000'. 1992ல 'ட்யூன் 2' கம்ப்யூட்டர்ல வந்துச்சு. 1998ல ஸ்டார்கிராஃப்ட்.

இப்ப மீதிப் பாதி. செஸ்ல ரெண்டு பக்கமும் ஒரே படை. ஸ்டார்கிராஃப்ட்ல அப்படி இல்ல. ஸெர்க் மலிவா, கூட்டமா வரும். ப்ரோட்டாஸ் கொஞ்சம்தான், ஆனா ஒவ்வொண்ணும் பலசாலி. சமமில்லாத படைகளுக்கு நடுவுல ஆட்டத்தைச் சமமாக்கறதுதான் கஷ்டம்.

அந்தக் கணக்கை நம்ம ஆடு புலி ஆட்டம் எப்பவோ போட்டிருக்கு. புலி 3, ஆடு 15. புலி தாண்டிக் குதிச்சு வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே தெரியாது, வழியை அடைக்கத்தான் தெரியும். பின்னாடி காலி இடம் விட்டு நின்னா ஆடு காலி. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நின்னா, புலி நகர முடியாம மாட்டிக்கும். ஸ்டார்கிராஃப்ட் பண்ணினவங்க கூடுவாஞ்சேரித் திண்ணைக்கு வந்து கத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்லல. ஒரே கேள்விக்கு ரெண்டு ஊர்ல விடை கண்டுபிடிச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

வருத்தம் என்னன்னா, எங்க தெருவுல ஸெர்க் ரஷ் தெரிஞ்ச பசங்க நிறைய பேர். அந்த முக்கோணக் கட்டம் வரையத் தெரிஞ்சது எங்க பாட்டி ஒருத்தருக்குத்தான். நான் கத்துக்கிட்டேன். சாக்பீஸ், 15 புளியங்கொட்டை, 3 கல்லு போதும். வாங்க, வரைஞ்சு தரேன். ஆனா முதல் ஆட்டத்துல நீங்க ஆடு பக்கம்தான். பலமில்லாத படையை நடத்தும்போதுதான் நிஜமா யோசிக்க வேண்டியிருக்கும் :-)