இங்கயா, பார்சலா?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெரு முக்குக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தள்ளுவண்டி வரும். பெயர்ப்பலகை கிடையாது. அக்கா கடை என்றுதான் எல்லோரும் சொல்வோம். கண்ணாடிப் பெட்டி நிறையத் தட்டுவடை, இரண்டு தூக்குகளில் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், பொடிசாக நறுக்கிய வெங்காயம், ஒரு பல்ப். கடை அவ்வளவுதான்.

சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேறு ஊர்களில் தட்டை என்பார்களே, அதுதான் தட்டுவடை. செட்டுக்கென்று உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாகத் தட்டிப் பொரிப்பார்கள். ஒரு தட்டுவடையை வைத்து அதன்மேல் காரச் சட்னி, மல்லி புதினாச் சட்னி, அப்புறம் வெங்காயம், கேரட், பீட்ரூட், மேலே இன்னொரு தட்டுவடையால் ஒரு மூடி. இது ஒரு செட். அப்படியே முழுசாக வாய்க்குள் போட வேண்டும். கடித்துத் தின்றால் பாதி சட்டையில்தான் விழும். எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்து தந்தால் அது நொறுக்கல். அவித்த முட்டையை வைத்தால் முட்டை செட். முட்டைக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்லை, நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது.

யார் வந்தாலும் அக்கா இரண்டு கேள்விகள் கேட்பார். "செட்டா, நொறுக்கலா?" அடுத்து, "இங்கயா, பார்சலா?"

பார்சல் என்று சொன்னால் முகம் லேசாக மாறும். சட்னி பட்ட நிமிஷத்திலிருந்து தட்டுவடை ஊற ஆரம்பித்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் செட் கதை முடிந்துவிடும். "நமத்துப்போனதத் தின்னுட்டு, அக்கா கடை முன்ன மாதிரி இல்லன்னு சொல்லுவீங்க" என்பார். ரொம்ப வற்புறுத்தினால் தட்டுவடை தனி, சட்னி தனி, காய் தனி என்று கட்டித் தருவார்.

இதே முகத்தை நான் பெங்களூரில் ஒரு ராமென் கடையிலும் பார்த்திருக்கிறேன். அங்கேதான் எனக்கு முதல் வேலை. முதல் சம்பளத்தில் டீமில் இருந்தவர்கள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார்கள். பத்துப் பேர் உட்காரலாம். சமைக்கிறவருக்கு நேர் எதிரே நீளமாக ஒரு மரப்பலகை, அதுதான் மேஜை. ஒரு கிண்ணத்தின் விலையைப் பார்த்ததும் அப்பாவின் ஒருநாள் கூலி ஞாபகம் வந்தது. வெளியே சொல்லவில்லை.

கிண்ணம் வந்ததும் பக்கத்திலிருந்தவன் போனை எடுத்து இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். பலகைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சமையல்காரர், மணிப்பூர்க்காரர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிடுங்க, நூடுல்ஸ் ஊதிடும்" என்றார். சூட்டு சூப்பில் கிடந்தால் நூடுல்ஸ் தண்ணீரை இழுத்து உப்பிக் குழைந்துவிடுமாம். மேலே சோயா சாஸில் ஊறிய முட்டை பாதியாக வெட்டி வைத்திருந்தது, மஞ்சள் கரு தேன் மாதிரி இருந்தது. "நாமக்கல் முட்டையா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார். அடுத்த முறை போனபோது கேட்காமலே இரண்டு பாதிகள் வைத்தார். பெங்களூரில் என்னை அடையாளம் தெரிந்துகொண்ட முதல் கடை அது.

அதற்குப் பிறகுதான் ராமெனைப் பற்றித் தேடிப் படித்தேன். ஜப்பானியர்களின் அடையாளம் என்று நாம் நினைக்கிற இது சீனாவிலிருந்து போனது. 1910இல் டோக்கியோவின் அசாகுசாவில் ரைரைகென் என்று ஒரு கடை, யோகோஹாமாவின் சீனர் தெருவிலிருந்து சமையல்காரர்களை வரவழைத்து ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பானில் அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. தள்ளுவண்டிகளில் ராமென் பரவியது. ஒசாகாவில் குளிரில் ஒரு ராமென் வண்டி முன்னால் ஜனங்கள் வரிசையில் நின்றதைப் பார்த்த மொமொஃபுகு ஆண்டோ, வீட்டிலேயே சாப்பிட ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டுமென்று நினைத்தாராம். 1958இல் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வந்தது. ராமெனுக்குப் பார்சல் கட்டியவர் அவர். ஆனாலும் ஜப்பானில் அந்தக் குட்டிக் கடைகள் இன்னும் இருக்கின்றன. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டே வருஷத்தில் எனக்கு வேலை போனது. ஒரு வீடியோ காலில், பதினோரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. ரூமைக் காலி செய்துவிட்டு, "வொர்க் ஃப்ரம் ஹோம் குடுத்துட்டாங்க" என்று வீட்டில் சொல்லி லேப்டாப்போடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டில் கீழே இரண்டு விசைத்தறிகள். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நெய்கிறார்கள். மாடியில் என் அறை. காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்துவேன். அம்மா பதினொன்றுக்குக் காபியை வாசலில் வைத்துவிட்டு, மீட்டிங் கெட்டுவிடும் என்று சத்தமில்லாமல் இறங்கிப் போவார். உள்ளே நான் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. அறையை விட்டு வெளியே வரவே பிடிக்காமல் போனது. தெருவில் யாராவது, "என்ன தம்பி, லீவா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

இப்போது சேலத்திலும் பிரியாணி, பீட்சா எல்லாம் போனைத் தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறது. அக்கா கடைத் தட்டுவடை செட்டுக்கு மட்டும் நாம்தான் போயாக வேண்டும். அதற்காக மட்டும்தான் தினமும் மாடியிலிருந்து இறங்கினேன்.

வண்டியைச் சுற்றி வெள்ளிப் பட்டறைப் பையன்கள், தறி ஓட்டுகிறவர்கள், ட்யூஷன் முடிந்து வந்த பிள்ளைகள் நிற்பார்கள். எல்லோர் வாயிலும் முழு செட் இருக்கும், அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. பக்கத்தில் ஆள் நிற்கிறார்கள், ஆனால் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அதுதான்.

ஒருநாள் வண்டி வருவதற்கு முன்னாலேயே போய் நின்றேன். "இன்னைக்கு சீக்கிரம் முடிஞ்சுதா தம்பி?" என்றார் அக்கா. "ஆமாங்க்கா" என்றேன். மறுநாளும் அப்படியே நின்றேன். அன்றைக்கு அவர் கேட்கவில்லை. துருவியையும் நாலு பீட்ரூட்டையும் என் பக்கம் தள்ளினார். "சும்மாத்தான நிக்கிற, துருவு."

சும்மாத்தான. முகம் சூடாகிவிட்டது. ஆனால் துருவினேன். அன்றிலிருந்து தினமும் துருவினேன். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு ஒரு முட்டை செட்டைத் தட்டில் வைத்து நீட்டுவார். காசு கொடுத்தால், "துருவுன கூலிக்குச் சரியாப்போச்சு" என்பார்.

மூன்றாவது மாசம், ஒரு சனிக்கிழமை, தலையில் பஞ்சுத் தூசியோடு அப்பா வந்து நின்றார். கூலி வாங்கிக்கொண்டு திரும்பும் வழி. என் கையிலிருந்த துருவியைப் பார்த்தார். ஒரு நொறுக்கல் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று சாப்பிட்டார். பாதித் தட்டு காலியான பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"முன்னெல்லாம் ரெண்டு நாள் லீவுக்கு வந்தாக்கூட ராத்திரி மீட்டிங்குன்னு கத்திக் கத்திப் பேசுவ. இந்தத் தடவ வந்ததுலருந்து ஒரு சத்தமும் இல்ல."

நான் பீட்ரூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தறி ஓட்டறவனுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? ஓடுற சத்தம் எங்களுக்குக் கேக்காதுதான். நின்னா ஒடனே கேக்கும்டா."

"அம்மாவுக்கு?"

"அவதான் மொதல்ல சொன்னா."

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கேரட் நறுக்க ஆரம்பித்தார். துருவுவதற்கு இருக்கும்போது ஏன் நறுக்குகிறார் என்று அப்போது தோன்றவில்லை. அப்பா தட்டில் கொஞ்சம் நொறுக்கலை மிச்சம் வைத்து என் பக்கம் நீட்டினார். காரம் தாங்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சேலத்தில் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

நாலு மாசம் கழித்துச் சென்னையில் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான். கிளம்பும்போது அக்கா எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டித் தந்தார். ரூமில் உட்கார்ந்து நானே அடுக்கிச் சாப்பிட்டேன். தட்டுவடை மொறுமொறுவென்றுதான் இருந்தது. நாலாவது செட்டுக்கு மேல் போகவில்லை. ஒசாகா வரிசையில் நின்றவர்கள் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வந்த பிறகும் ஏன் கடைக்குப் போனார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

போன ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போனேன். வண்டியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வந்த அக்கா அப்பாவிடமும் கேட்டார்.

"இங்கயா, பார்சலா?"

"இங்கதான்" என்றார் அப்பா.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. துருவியை நீட்டினார்.