கணக்கில் ஏறாத கை

வில்ட் சேம்பர்லின் பெரியவரா, பில் ரஸ்ஸல் பெரியவரா? அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடையே அறுபதுகளில் மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை, வாசகர்களே! எங்கள் வீட்டிலும்தான். என் மைத்துனர் வில்ட் கட்சி. நான் ரஸ்ஸல் கட்சி.

மைத்துனர் கையில் புள்ளிவிவரம் இருக்கிறது. 1962 மார்ச் 2-ந் தேதி ஒரே ஆட்டத்தில் வில்ட் 100 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவம் முழுவதும் சராசரி 50.4. அடேயப்பா!

ஆனால், அதே பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர் ரஸ்ஸல்! ஓட்டுப் போட்டவர்கள் யார் தெரியுமா? இருவரையும் களத்தில் எதிர்த்து ஆடிய ஆட்டக்காரர்களேதான்.

எதிரி எறியும் பந்தை ரஸ்ஸல் அந்தரத்திலேயே தடுப்பார். வெளியே விளாசிக் கைதட்டல் வாங்க ஆசைப்படாமல், தம் தோழர் பக்கமாகத் தட்டிவிடுவார். அந்தத் தடுப்புகளை அன்று யாரும் குறித்து வைக்கவில்லை. 1973-ல் குறிக்க ஆரம்பித்தபோது, அவர் ஓய்வு பெற்று நாலு வருஷமாகிவிட்டது! எழுத்தில் நிற்பது, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்களில் 11 பட்டம்.

"கூட ஆடியவர்கள் கெட்டிக்காரர்கள், அத்தான்!" என்கிறார் மைத்துனர். 1967-ல் வில்டுக்கும் நல்ல துணை வாய்த்தது. ரஸ்ஸல் அணி தோற்றது. அந்த வருஷத்தை அவர் எடுத்தால் மட்டும், நான் காப்பி கேட்டு உள்ளே போய்விடுவேன்.