பழைய மொய், புது மொய்

பேராவூரணிப் பக்கம் மொய் எழுத உட்காருபவர் பணத்தைத் தொடக்கூடாது. வாங்கி எண்ணுபவர் ஒருவர், ஊரும் பேரும் தொகையும் உரக்கச் சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். கொடுத்தவர் காதிலும் அந்தத் தொகை விழுந்த பிறகுதான் அது நோட்டில் ஏறும். இந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அப்போது பி.காம். மாணவன்.

வெளியூர்க்காரர்களிடம் மொய் விருந்து என்றால் 1992-இல் வந்த ‘சின்ன கவுண்டர்’ படத்தைச் சொல்வார்கள். அதில் சாப்பிட்டவர்கள் இலைக்கடியில் பணம் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். எங்கள் பக்கம் எழுத்தில் ஏறாத மொய் மொய்யே அல்ல. தஞ்சை மாவட்டத்தின் தெற்கே பேராவூரணி. அதை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் இந்த ஊர்களில் தினமும் எங்காவது மொய் வாங்குவதற்காகவே வைக்கும் விருந்து இருக்கும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். பந்தல், பத்திரிகை, கறிச்சோறு என்று ஆகும் செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே நாளில் வைப்பார்கள். சாப்பாடு பொது, நோட்டு மட்டும் ஆளுக்கொன்று.

காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியே கடைசியாக வந்து சேரும் கடைமடை இது. 1934-இல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய். இந்த வருஷம் தண்ணீர் எட்டுமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஊரில், வட்டியில்லாமல் ஒரு தொகை மொத்தமாகக் கைக்கு வருவது பெரிய காரியம். ஆழ்குழாய்க் கிணறு, தென்னந்தோப்பு, கடை முதலீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் நடந்திருக்கின்றன.

முதலில் பெரியப்பா எனக்குக் கொடுத்தது பெயர் எழுதும் பயிற்சிதான். ஊர் மேலே, அதன்கீழ் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், தெரு, வீட்டுப் பட்டப்பெயர். ஒரே ஊரில் ஒரே பெயரில், ஒரே முதலெழுத்தில் நாலு பேர் இருப்பார்கள். “இதை அஞ்சு வருஷம் கழிச்சு எவனோ படிக்கப் போறான். அவனுக்குப் புரியணும்டா தம்பி” என்பார். தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட வேண்டும். பக்கம் முடிந்ததும் கூட்டுத்தொகை போட்டு அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பந்தி முடிந்து ரொக்கத்தைக் கட்டுக் கட்டாக அடுக்கி, நோட்டின் கூட்டுத்தொகையோடு சரிபார்க்கும்வரை மேசையை விட்டு யாரும் எழக்கூடாது. இப்போது கணினியில் ஏற்றி, ரசீதும் அச்சடித்துத் தருகிறார்கள். வேகம் கூடியிருக்கிறது, விதிகள் மாறவில்லை.

உண்மையான கணக்கு, விருந்து முடிந்த பிறகு வீட்டுத் திண்ணையில் தொடங்கும். வந்த நோட்டையும் போன நோட்டையும் அருகருகே விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். ஒருவருக்கு நாம் முன்பு 1,000 செய்திருந்து, அவர் இன்று 2,000 செய்தால், முதல் ஆயிரம் நம்முடைய பணம், திரும்பி வந்திருக்கிறது. இரண்டாவது ஆயிரம் கடன். அவர் வெறும் 1,000 மட்டும் செய்துவிட்டுப் போனால் அந்த வீட்டோடு கணக்கு முடிந்தது என்று அர்த்தம்.

பெரியப்பா ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். வரவு 5 லட்சம். அதில் பழையது 2 லட்சம், புதுசு 3 லட்சம். விருந்துச் செலவில் நம் பங்கு 1 லட்சம். ஆக, நம் சொந்தப் பணமாக மிஞ்சுவது 1 லட்சம்தான். 3 லட்சத்தை ஐந்து வருஷத்துக்குள் திருப்பிச் செய்ய வேண்டும். வருஷத்துக்கு 60,000, மாதத்துக்கு 5,000. கணக்கை உயிரோடு வைக்க அதன் மேல் புது மொய்யும் செய்ய வேண்டும். அதுதான் நம் சேமிப்பு. அந்த ஐயாயிரத்தை மாதாமாதம் ஒதுக்காதவர்கள் ஆடி பிறந்ததும் நகையைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வருவதை அவர் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறார். வட்டியில்லாத மொய்யை வட்டிக்கு வாங்கித் திருப்பினால் அதில் என்ன லாபம்?

பிறகு எங்கள் வீட்டு 2019 ஆடி நோட்டை எடுத்துப் போட்டார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. தேங்காய்ப் பணத்தை நம்பி மொய் செய்தவர்கள் அடுத்த ஆடியில் கையைப் பிசைந்தார்கள். அந்த நோட்டில் பல பெயர்களுக்கு நேரே புது மொய்யே இல்லை; சிலருக்குப் பழையதிலும் பாதிதான். “யாரையும் குறை சொல்றதுக்குக் காட்டலடா. வரவு ஒரே இடத்துலேருந்து வந்தா என்ன ஆகும்னு பாரு” என்றார். கல்லூரியில் பக்கம் பக்கமாகப் படித்த இடர் மேலாண்மை எனக்குப் புரிந்தது அந்தப் பக்கங்களில்தான்.

பிள்ளைகளுக்குப் பணத்தைப் பழக்க வங்கியும் உண்டு. பத்து வயது நிரம்பியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிவிட்டது. நல்லதுதான். ஆனால் உண்டியலும் பாஸ்புக்கும் பிள்ளைக்குத் தன் பணத்தை மட்டுமே காட்டும். கையில் இருந்தும் தன்னுடையது அல்லாத பணத்தை மொய் நோட்டுதான் காட்டுகிறது. அதனால் இப்போது சொந்தக்காரப் பிள்ளைகள் பிளஸ் டூ வந்ததும் அவரவர் வீட்டு நோட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். வரும் ஆடியில் யாருக்கு, எவ்வளவு, அந்தப் பணம் எந்த மாதத்து வரவிலிருந்து வரும் என்று பட்டியல் போட வைக்கிறேன். வீட்டுக் கடனைப் பிள்ளைகளிடம் மறைப்பதுதான் பாசம் என்று நினைக்கும் அப்பாக்களுக்கு இது பிடிக்காது. பட்டியல் போட்ட பிள்ளை வண்டி கேட்பதற்கு முன் யோசிக்கிறது என்று தெரிந்ததும் சமாதானமாகிவிடுகிறார்கள்.

மொய்யில் குறை இல்லாமல் இல்லை. திருப்பிச் செய்யாதவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்தப் பயத்தில் கடன்மேல் கடன் ஏறும் வீடுகள் உண்டு. வசதி இருக்கிறதே என்று ஏழை வீட்டு விருந்தில் பெரிய தொகையை எழுதிவிட்டு வருவதைப் பெரியப்பா தர்மமாகவே ஒப்புக்கொள்வதில்லை. நாளைக்கு அவன் நமக்குத் திருப்பிச் செய்தாக வேண்டிய சுமை அது என்பார். உதவ நினைத்தால் தனியாகக் கையில் கொடு, நோட்டில் அவனால் தாங்க முடிந்த தொகையை மட்டும் எழுது என்பது அவர் வழக்கம். பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் கடைசியில் சொல்லித் தருகிறேன். கூட்டல் கழித்தலைவிட இதற்குத்தான் அவர்கள் அதிகம் கேள்வி கேட்கிறார்கள்.