என் மருமகனுக்காக

திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் நீ போட்ட சத்தத்தில் நான் சொல்ல வந்தது எதுவும் உன் காதில் ஏறவில்லை. பொறுமையாக உட்கார்ந்து இதைப் படி.

பெரியவன் இங்கே வந்திருந்தபோது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம், கூல் லிப் அடக்கி வைக்கிற இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. போதை சிகிச்சைப் பிரிவில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தும், பதினாறு வயதுப் பிள்ளையின் வாயைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. எப்போதடா வைக்கிறாய் என்று கேட்டேன். "காலைல கிளாஸுக்குள்ள போறதுக்கு முன்னாடி அத்தை. 'ஒன்பது'ன்னு கூப்பிடுவாங்க. இது உள்ள இருந்தா அவ்வளவா உறைக்காது" என்றான். சனிக்கிழமைகளில் பீரும் உண்டாம்.

சேர்க்கை சரியில்லை என்கிறாய். தடை செய்த சரக்கைப் பிள்ளைகளிடம் விற்கிறவன் மேல் எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அந்தக் கடையைத் தாண்டித்தானே எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்? சிலர் மட்டும் ஏன் அங்கே நிற்கிறார்கள்? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008-ல் 'அடிக்‌ஷன்' ஆய்விதழில் எழுதினார்கள். தன்பால் ஈர்ப்போ இருபால் ஈர்ப்போ உள்ள வளரிளம் பிள்ளைகள் போதையைத் தொடுகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கேலியும் அடியும், யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று நாள் முழுக்க ஒளிகிற பயமும் அவர்களை அங்கே தள்ளுகின்றன. வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009-ல் வெளியிட்டதைப் பார். இப்படிப்பட்டவர்களில், வளரிளம் வயதில் வீட்டார் மிகவும் வெறுத்து ஒதுக்கியவர்களிடம், அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிடப் போதைப் பழக்கம் 3.4 மடங்கு. தற்கொலை முயற்சி 8.4 மடங்கு. தம்பி, அந்த இரண்டாவது எண்ணை இன்னொரு தடவை படி.

மதுரையில் யாரோ டாக்டர் அவனைச் 'சரி பண்ணிடுவார்' என்றாயே, அது நடக்கக் கூடாது. ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதற்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டார். அடுத்த வருஷமே தேசிய மருத்துவ ஆணையமும் அதை டாக்டர்களின் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அவன் யாரை விரும்புகிறான் என்பது நோயில்லை. நிக்கோட்டின் பழக்கத்துக்குத்தான் வைத்தியம் வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள். விட்ட முதல் வாரம் எரிந்து விழுவான், தூக்கம் வராது, படிப்பில் மனசு நிற்காது. "நீ என் பிள்ளையே இல்லை" என்று சொல்லிவிட்ட அப்பனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த வாரத்தை அவன் எப்படித் தாண்டுவான்?

ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பயணத்தை ரத்து செய். வெள்ளி ராத்திரியே கிளம்பி நான் வருகிறேன், ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். அதற்குள் பறித்து வைத்திருக்கிற போனை அவனிடம் கொடுத்துவிடு. மனசு விட்டுப் பேச அவனுக்கு இருக்கிற ஒரே சிநேகிதன் அதில்தான் இருக்கிறான். நீ சொன்ன வார்த்தையையும் உன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா