மறைந்துபோன உலகம்

அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்றோர் ஊர் உளது. அதன் தெற்கே பாறைகள் செறிந்த குன்றொன்று நிற்கின்றது. லிட்டில் ரவுண்ட் டாப் என்பது அதன் பெயர். உயரத்தால் பெருமை பெற்ற குன்றன்று அது. ஆயினும், 1863ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அதனை முந்தி அடைந்தவர் எவர் என்பதில் ஒரு நாட்டின் எதிர்காலமே அடங்கியிருந்தது என்று கருதுவோர் உளர்.

அடிமை முறையை விடாது பற்றி நின்ற தென்மாநிலங்கள் கூட்டரசினின்றும் பிரிந்தமையால் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இரண்டு ஆண்டுகட்குப் பின் தென்படைத் தலைவர் லீ வடநிலத்துள் புகுந்தார். கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் நிகழ்ந்த போரில் மாண்டவரும் புண்பட்டவரும் சிறைப்பட்டவரும் காணாமற்போனவருமாக ஏறத்தாழ 50,000 பேர் என்பர். இரண்டாம் நாள் பிற்பகலில், வடபடையின் பொறியியல் தலைவராகிய வாரன் அக் குன்றின்மேல் ஏறி நோக்கினார். கொடியசைத்துச் செய்தி விடுப்போர் சிலரையன்றி அங்குக் காவலர் எவரும் இலர். அவர் விரைந்து ஆள் விடுத்துப் படை வருவித்தார். அப் படை உச்சியில் நிலைகொண்ட சிறிது நேரத்திற்கெல்லாம் தென்படை கீழிருந்து ஏறத் தொடங்கிற்று. குன்று கைவிட்டுப் போகவில்லை. மறுநாள் தென்படை தோற்றது.

அக் குன்று முதல் நாளே தென்படைக்கு வாய்த்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? இவ் வினாவை அடிப்படையாகக் கொண்டு வார்டு மூர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1953இல் 'பிரிங் தி ஜூபிலி' என்னும் நாவலை வெளியிட்டார்.

கதைத் தலைவன் பெயர் ஹாட்ஜ். தென்மாநிலங்கள் வென்ற உலகில் 1921இல் பிறந்தவன். தோற்ற வடநாடு வறுமையில் வாடுகின்றது. மின்விளக்கு இல்லை, வானூர்தி இல்லை. கடனுக்காகத் தம்மையே ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொள்ளும் ஏழைகள் உளர். கையில் சில காசுகளோடு நியூயார்க் நகருக்கு வந்த ஹாட்ஜ், வந்த அன்றே அவற்றைக் கள்வரிடம் பறிகொடுக்கின்றான். பின்னர் ஒரு புத்தகக் கடையில் வேலை கிடைக்கின்றது. கூலி சிறிதே, ஆனால் கடை நிறைய நூல்கள்! படித்துப் படித்தே வரலாற்றாசிரியன் ஆகின்றான். இப் பகுதியே நாவலின் சிறந்த பகுதி எனலாம். பின்வரும் காதற் பூசல்கள் வேண்டுமளவுக்கு மேல் நீண்டுவிட்டன.

யார்க் நகருக்கு அருகில் அறிஞர்கள் கூடி வாழும் பண்ணையொன்று அவனுக்குப் புகலிடம் தருகின்றது. அங்கே கேத்தலினா என்பாளை மணக்கின்றான். கொள்ளையரால் நேர்ந்த கொடுமையைக் கண்டு பேச்சிழந்திருந்து, நாளடைவில் பேச்சு மீண்டவள் அவள். போரைப் பற்றி அவன் எழுதிய நூலில் ஓர் அறிஞர் ஐயம் எழுப்புகின்றார். அவ் வையம் அவனை உறங்கவிடவில்லை. பண்ணையின் அறிவியலாளராகிய பார்பரா, காலத்தைக் கடக்கும் பொறியொன்றைச் செய்து முடித்திருந்தாள். அது எவ்வாறு இயங்கிற்று என்பதை ஆசிரியர் மிகுதியாக விளக்கவில்லை. விளக்காது விட்டதே நன்று.

கண்ணாரக் கண்டு ஐயந்தீரவேண்டும் என்று ஹாட்ஜ் 1863க்குச் செல்கின்றான். குன்றுக்குச் செல்லும் வழியில் தென்படை வீரர் சிலர் அவனை எதிர்ப்பட்டு, முன்னே பகைவர் உளரோ என வினவுகின்றனர். பேசினால் வரலாறு மாறிவிடுமோ என்று அஞ்சி, அவன் வாய் திறவாது நிற்கின்றான். அந்த மௌனமே அவர்களுக்கு ஐயத்தை விளைத்தது. வீரர் கலங்கினர், குழப்பத்தில் துப்பாக்கி வெடித்தது, படைத்தலைவன் வீழ்ந்தான், ஏனையோர் பின்வாங்கினர். வீழ்ந்தவன் முகத்தில் பார்பராவின் சாயல் இருந்ததை ஹாட்ஜ் கண்டான். பண்ணையை நிறுவிய அவள் முன்னோனே அவன்!

குன்று வடபடைக்கு ஆயிற்று. நூல்களில் ஹாட்ஜ் படித்த போர் அவன் கண்முன்னே வேறு போராக மாறிற்று. அம் மாற்றத்தால் விளைந்ததே நாம் அறிந்த வரலாறு. அதில் 1865இல் போர் முடிந்தது. அவ் வாண்டின் இறுதியில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. 1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந் நாட்டில் இருந்த அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர். அவர்தம் விடுதலையையும் ஒருவன் மனைவியை இழந்த துயரையும் ஒரே துலாத்தட்டில் வைத்துப் பார்க்க ஆசிரியர் முயலவில்லை. இரண்டும் மெய் என்றே படிப்போர் நெஞ்சில் படுகின்றது.

குறித்த நேரத்தில் ஹாட்ஜ் தான் வந்திறங்கிய களஞ்சியத்திற்குத் திரும்பிச் சென்று காத்து நிற்கின்றான். பொழுது கழிகின்றது. தன்னை மீட்கும் பொறி இனி எக்காலத்தும் செய்யப்படமாட்டாது என்பதும், கேத்தலினா இருந்த உலகமே இல்லாது போயிற்று என்பதும் மெல்ல அவனுக்கு விளங்குகின்றன. அவ் விடத்திலேயே உழவர் ஒருவரிடம் கூலியாளாக அமர்கின்றான். 1877இல் தன் கதையை எழுதத் தொடங்கும்போது, தான் பிறந்த ஆண்டு 1921 என்று குறிக்கின்றான்.