வயற் கட்டத்துள் ஒரு பெயர்

பெய்ஜிங் மாநகரின் தென்பகுதியில், மிங் பேரரசர் 1420-ஆம் ஆண்டில் கட்டி முடித்த வானகக் கோயிலைச் சூழ்ந்து பரந்த பூங்கா ஒன்று உண்டு. காலை வேளையில் அங்குச் செல்வோர், முதியவர் சிலர் கைத்தடி நீளமுள்ள தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தளக்கற்களின்மீது எழுதிச் செல்வதைக் காணலாம். வெயில் ஏற ஏற எழுத்துகள் உலர்ந்து மறையும். மையும் வேண்டா, தாளும் வேண்டா. உடன் வந்த பேரனுக்கு எழுதிக் காட்ட, அவன் பெயரைவிட ஏற்றது வேறு யாது?

ஒலிக்கு ஓரெழுத்து என்றுள்ள மொழிகளில் பிள்ளைகள் ஒலிகளைக் கோத்துத் தம் பெயரை எழுதிவிடுவர். சீனக் குழந்தைக்கு அவ்வழி இல்லை. அதன் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளே உள்ளன. எனினும் ஓசையைக் கேட்டு அவற்றின் உருவத்தை ஊகிக்க இயலாது. ஒருவர் எழுதிக் காட்டினாலன்றித் தன் பெயரின் வடிவத்தை அது அறியாது.

குடும்பப் பெயரே முன்னே வரும். 'லி' என்பதில் மேலே மரம், கீழே பிள்ளை. 'ஜாங்' என்பதோ ஒரே ஒலியில் இருவகை. ஆகவே, "வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்" என்று சொல்லிக் கொள்வர். எழுதத் தெரியுமுன்னரே இத்தொடரைக் குழந்தை ஒப்பிக்கும். அயலாரும் இம்முறைக்கு விலக்கல்லர். 1601-இல் பெய்ஜிங் வந்து, 1610-இல் அங்கேயே மறைந்த சேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி, தம் பெயரின் முதலோசையை 'லி' எனும் வேறோர் எழுத்தாக்கிக் கொண்டு, லி மாதௌ ஆனார். அவரது கல்லறைக் கல்லில் இலத்தீனும் சீனமும் அருகருகே நிற்கின்றன.

கோடுகளுக்கு முறையுண்டு. 'வாங்' எனும் பெயரில் மூன்று கிடைக்கோடு, ஒரு நெடுங்கோடு. முதலிரண்டு கிடைக்கோடுகளும் நெடுங்கோடும் எழுதியபின்னரே அடிக்கோடு வரும். வேலியிட்டாற்போன்ற எழுத்துகளுக்கு, "முதலில் உள்ளே போ, பிறகு கதவைச் சாத்து" என்பது பிள்ளைகளின் விதி. அவர்தம் பயிற்சி ஏட்டுக் கட்டத்துக்கு 'வயற் கட்டம்' என்று பெயர்; வயலைக் குறிக்கும் எழுத்தைப் போன்று அது நான்காகப் பிரிந்திருக்கும். ஒரு கோடுள்ள எழுத்தாயினும் இருபது கோடுள்ளதாயினும் அந்த ஒரே கட்டத்தில் அடங்கியாக வேண்டும். 'திங் யி' எனும் பெயருடைய பிள்ளை மூன்றே கோடுகளில் முடித்துவிட்டு அடுத்தவனை வேடிக்கை பார்க்கலாம்! 'லியு' வீட்டாருக்கு 1956-இன் எழுத்துச் சுருக்கம் கைகொடுத்தது. பதினைந்து கோடுகள் ஆறாயின. தைவான் நாட்டுப் பிள்ளைகள் இன்றும் பதினைந்தையே எழுதுகின்றனர்.

ஆறு வயதில் பள்ளி தொடங்குகிறது. அதற்கு முன் பாலர் பள்ளிகளில் எழுத்துப் பாடம் கற்பிப்பதைக் கல்வி அமைச்சு 2018-இல் தடைசெய்தது. போட்டியில் முந்தும் ஆவலால் பிஞ்சு விரல்களை வருத்திய பெற்றோரும் பள்ளிகளும் மிகுந்துவிட்டமையே காரணம். தடை நன்றே என்பேன். ஆயினும் 2012-ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டி, ஐந்து, ஆறு வயதுக் குழந்தை ஒன்றைச் சரியாக எழுத வேண்டுமென எதிர்பார்க்கிறது: அதன் சொந்தப் பெயர்.

நகரத்துக் குழந்தைக்கு இதில் இடர் பெரிதில்லை. தாய், தந்தை, பாட்டனார் என எழுதிக் காட்டக் கைகள் பல. ஆனால் உள்நாட்டுச் சிற்றூர்களில், பெற்றோர் தொலைவிலுள்ள தொழிற்சாலைகளுக்குப் பிழைக்கச் சென்றுவிட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் ஏராளம். பாட்டிமாருள் எழுத்தறியாதோரும் உண்டு. அத்தகைய குழந்தைக்குப் பாலர் பள்ளியில் தன் குவளைமீது ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டே முதற்பாடம். ஆசிரியை எழுதிய அந்த மூன்று எழுத்துகளை விரலால் தடவி, எந்தக் கோடு முதலில் வருமென்று அவரிடமே கேட்டுக் கொள்ளும்.